உள்ளங்கைத் தடிப்பும் குழாய்க் கிணற்றுத் தண்ணீரும்: வாசகர் கேள்விக்கு வைத்தியரின் பதில்

கேள்வி:

வைத்தியர் ஐயாவுக்கு வணக்கம். நான் பசறைக்கு அருகிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் வசிக்கிறேன். தோட்டப் பாடசாலையில் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் லயத்துக்குப் பரம்பரையாக மலைப் பீலித் தண்ணீர்தான். 11 வருடங்களுக்கு முன்பு லயத்துக்குக் கீழே ஒரு குழாய்க் கிணறு அடித்துத் தந்தார்கள். பீலி வற்றும் மாதங்களில் 24 குடும்பங்களும் அதைத்தான் குடிக்கிறோம். அந்தத் தண்ணீரை இரவில் பிடித்து வைத்தால் காலையில் அடியில் செம்மஞ்சளாகப் படிகிறது. என் அப்பாவுக்கு 64 வயது. 30 வருடம் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். இரண்டு வருடமாக அவருடைய உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து, உடம்பில் கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள் விழுந்திருக்கின்றன. வேறு வீடுகளில் யாருக்கும் இப்படி இல்லை. (மூச்சு இழுப்புக்காக நாட்டு வைத்தியர் ஒருவர் கொடுத்த தூளை மூன்று வருடம் தேனில் குழைத்துச் சாப்பிட்டார்; அதை விட்டு ஆறு வருடமாகிறது.) எங்கள் தண்ணீரில் ஆசனிக் இருக்கிறது, அநுராதபுரத்துச் சிறுநீரக நோய் மலைக்கும் ஏறிவிட்டது என்று ஒரு வீடியோ போனில் சுற்றுகிறது. அதைப் பார்த்த பிறகு பக்கத்து வீட்டார் தங்கள் பிள்ளைகளை எங்கள் வீட்டுக்கு விடுவதில்லை. என் தங்கை ஐந்து மாதக் கர்ப்பிணி. தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறோம். அது போதாதா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பக்கத்து வீட்டாரைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதை இன்றைக்கே அவர்களிடம் கொண்டுபோய்ச் சொல்லலாம். ஆசனிக்கினால் வரும் தோல் மாற்றம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை. தொட்டாலும், ஒரே பாயில் படுத்தாலும், ஒரே கோப்பையில் தேத்தண்ணீர் குடித்தாலும் அது பரவாது. பங்களாதேஷிலும் மேற்கு வங்காளத்திலும் இந்தப் புள்ளிகளைத் தொழுநோய் என்றும் சாபம் என்றும் எண்ணி, மனைவியரைத் தாய்வீட்டுக்கு அனுப்பியதும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் ஒதுக்கி வைத்ததும் நடந்திருக்கின்றன. அந்தத் துயரம் உங்கள் லயத்தில் நடக்க வேண்டியதில்லை.

இனி, உங்கள் கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறேன். குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் ஆசனிக் இருக்கிறதா என்பது ஒன்று. அப்பாவின் கைகளுக்கு என்ன நேர்ந்தது என்பது மற்றொன்று. வீடியோவைப் பார்த்த பதற்றத்தில் இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டீர்கள். தண்ணீர் நல்லது என்று தெரிந்தாலும் அப்பாவின் கையை வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும். கையில் இருப்பது வெறும் காய்ப்பு என்று தெரிந்தாலும் தண்ணீரை ஒரு தடவை பரிசோதிக்கத்தான் வேண்டும்.

ஆசனிக் நமக்குப் புதிய பொருள் அன்று. சித்த மருத்துவ நூல்கள் சொல்லும் வெள்ளைப் பாஷாணம், மனோசிலை, தாளகம் ஆகிய மூன்றுமே ஆசனிக்கின் சேர்வைகள்தாம். பூமியின் பாறைகளில் இயல்பாகவே சிறு அளவில் இருக்கிற இது, சில இடங்களில் மட்டும் நிலத்தடி நீரில் கரைந்து வெளிவருகிறது. கரைந்த பிறகு அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. எனவே எந்த மூதாட்டியின் நாக்கும் எந்த அதிகாரியின் கண்ணும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. குடிநீருக்கு உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லும் எல்லை ஒரு லீற்றருக்கு 10 மைக்ரோகிராம். 1993 ஆம் ஆண்டில்தான் அதை 50இலிருந்து 10ஆகக் குறைத்தார்கள். இலங்கையின் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614 சொல்வதும் அதே அளவைத்தான். 1,000 லீற்றர் பிடிக்கும் ஒரு தாங்கியில் 10 மில்லிகிராம் என்று இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அது ஒரு சிட்டிகை உப்பை விட மிகவும் குறைந்த எடை. அவ்வளவு சிறிய அளவுக்கு ஏன் இத்தனை கவலை என்றால், இங்கே தீங்கைத் தீர்மானிப்பது ஒரு நாளைய அளவு அன்று, அதோடு பெருக்கிக்கொள்ள வேண்டிய வருடங்கள்.

தண்ணீரோடு உள்ளே போகும் ஆசனிக் குடலில் எளிதாக உறிஞ்சப்பட்டு, ஈரலில் உருமாற்றம் அடைந்து, பெரும்பகுதி சில நாட்களுக்குள் சிறுநீரோடு வெளியேறிவிடுகிறது. ஆனால் முழுதும் வெளியேறுவதற்கு முன்பே அடுத்த குவளை உள்ளே வந்துவிடுகிறது. உடலின் புரதங்களில் கந்தகம் இருக்கும் இடங்களைப் பற்றிக்கொள்ளும் இயல்பு இதற்கு உண்டு. அப்படிப்பட்ட புரதம் தோலிலும் முடியிலும் நகத்திலும் மிகுதியாக இருப்பதால் அங்கே அது தங்குகிறது. அதனால்தான் வருடக் கணக்காகக் குடித்தவருக்கு முதல் அடையாளம் பெரும்பாலும் தோலில் தெரிகிறது, அதுவும் பொதுவாக ஐந்து வருடங்களுக்குக் குறையாத காலம் சென்ற பிறகு.

அந்த அடையாளம் எப்படி இருக்கும் என்பதைச் சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து நீங்களே பார்க்க முடியும். நெஞ்சிலும் முதுகிலும் தோல் கறுத்து, அந்தக் கறுப்புக்கு நடுவே வெளிறிய சிறு புள்ளிகள் விழுந்திருக்கும். கோடையில் புழுதி படிந்த தோட்டத்துப் பாதையில் முதல் மழையின் துளிகள் விழுந்தாற்போன்ற தோற்றம். உள்ளங்கையில் உங்கள் ஆட்காட்டி விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஆசனிக்கினால் வரும் தடிப்பு கண்ணுக்குத் தெரியுமுன் விரலுக்குத் தெரியும்: தோலுக்கு அடியில் குருணை அரிசி சிதறிக் கிடப்பது போல நெருடும். பிறகு அது சிறு சிறு ஆணிகளாக எழும்பும். இரண்டு கையிலும் இரண்டு காலிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். வேலையில் அழுத்தம் படாத, குழிந்த உள்ளங்கை நடுவிலும் பாதத்தின் வளைவிலும் கூட இருக்கும்.

கவ்வாத்துக் காய்ப்பு அப்படி இருப்பதில்லை. மலையகத்தில் வேலை செய்த காலத்தில் எத்தனையோ கவ்வாத்துக்காரர்களின் கைகளைப் பிடித்துப் பார்த்திருக்கிறேன். கத்திப் பிடி அமர்கிற இடத்தில், அதாவது விரல்களின் அடி மேட்டிலும் பெருவிரலின் உட்புறத்திலும், மெழுகு பூசியது போல மஞ்சளாக, மழமழப்பாக, ஒரே தகடாகத் தடித்திருக்கும். கத்தி பிடிக்கும் கையில் கூடுதலாகவும் செடியை ஒதுக்கும் கையில் குறைவாகவும் இருக்கும். வேலையை விட்டுச் சில மாதங்களில் மெல்ல இளகத் தொடங்கும். உங்கள் அப்பா ஓய்வு பெற்று எத்தனை காலம் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் தடிப்பு இரண்டு வருடமாகத்தான் வந்தது என்றும், உள்ளங்காலிலும் இருக்கிறது என்றும், உடம்பில் புள்ளிகள் இருக்கின்றன என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த மூன்றையும் கவ்வாத்துக் கத்தியின் மேல் போட்டுவிட்டு என்னால் பேசாமல் இருக்க முடியாது.

தண்ணீருக்கு வருகிறேன். வங்காளத்தில் நடந்ததைச் சுருக்கமாகத் தெரிந்துகொண்டால் உங்கள் கிணற்றைப் பற்றி நிதானமாக யோசிக்கலாம். அங்கே குளத்து நீரையும் ஆற்று நீரையும் குடித்து வாந்திபேதியால் குழந்தைகள் இறந்துகொண்டிருந்ததால், 1970களிலிருந்து இலட்சக் கணக்கான குழாய்க் கிணறுகளை அடித்தார்கள். கிருமியில்லாத தண்ணீர் கிடைத்தது. ஆனால் அந்த டெல்டா, இமயத்திலிருந்து ஆறுகள் அடித்துக்கொண்டு வந்த, சில ஆயிரம் வருடங்களே ஆன இளம் வண்டல். அதில் புதைந்த மக்கிய பொருள்கள் ஒட்சிசனை உறிஞ்சிவிட, இரும்புத் துருவோடு ஒட்டியிருந்த ஆசனிக் அவிழ்ந்து நீரில் கரைந்திருந்தது. 1983இல் மேற்கு வங்காளத்தில் ஒரு தோல் நோய் வைத்தியர் இதைக் கண்டறிந்தார். 1993இல் பங்களாதேஷில் உறுதியாயிற்று. பிறகு ஏறக்குறைய 50 இலட்சம் கிணறுகளைச் சோதித்து, கூடுதலானவற்றுக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். ஒரே முற்றத்துக்கு இந்தப் பக்கம் சிவப்பும் அந்தப் பக்கம் பச்சையும் இருந்த வீடுகள் உண்டு. பக்கத்துக் கிணற்றை வைத்து உங்கள் கிணற்றைத் தீர்மானிக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

உங்கள் மலை அந்த டெல்டா போன்றதன்று. நமது மத்திய மலைநாட்டின் அடித்தளம் 50 கோடி வருடங்களுக்கும் மேல் பழமையான, வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய கடும் பாறை. பீலியில் வருவது அந்தப் பாறை வெடிப்புகளின் வழியே காற்றோடு கலந்து இறங்குகிற தண்ணீர். வங்காளத்தில் ஆசனிக்கை அவிழ்த்துவிட்ட சூழ்நிலை அங்கே இல்லை. ஆகவே பீலித் தண்ணீரில் ஆசனிக் மிகுந்திருப்பதற்கான வாய்ப்பு குறைவு என்பதே என் கணிப்பு. பீலிக்கு இருக்கும் ஆபத்து வேறு: மேல் லயத்தின் மலசலகூடக் குழி, மாட்டுக் கொட்டில், கொழுந்து மலையில் அடிக்கும் மருந்தும் போடும் உரமும். அந்த வகையில் நீங்கள் கொதிக்க வைத்துக் குடிப்பது மிகவும் நல்ல பழக்கம், அதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

குழாய்க் கிணற்றைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடியில் படிகிற செம்மஞ்சள் இரும்பு. இரும்பு வேறு, ஆசனிக் வேறு. இரும்பு மிகுந்த எத்தனையோ கிணறுகளில் ஆசனிக் துளியும் இல்லை. ஆனாலும் இரும்பு கரைந்து வருகிறதென்றால் அந்த ஆழத்தில் தண்ணீருக்கு ஒட்சிசன் குறைவு என்று பொருள். அதனால்தான், வாய்ப்புக் குறைவு என்று சொல்லிவிட்டு நிற்காமல், 24 குடும்பங்கள் குடிக்கிற ஒரு கிணற்றை ஒரு தடவையாவது அளந்து பார்த்துவிட வேண்டும் என்று கேட்கிறேன். பதினொரு வருடங்களில் அதை யாரும் செய்யவில்லை என்றால் அது உங்கள் தவறன்று. ஆனால் இனியும் விட்டுவைக்கக் கூடாது.

வீடியோ சொல்கிற சிறுநீரக நோயைப் பற்றிக் கொஞ்சம். காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் என்று அழைக்கப்படும் அது, 1990களிலிருந்து அநுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களின் நெல் விவசாயிகளிடையே பெரிதாகக் காணப்பட்டது. உங்கள் பதுளை மாவட்டத்திலும் இருக்கிறது, ஆனால் மலைக்கு அப்பால், கிராந்துருகோட்டைப் பக்கத்துத் தாழ்நிலத்தில். இந்த வதந்திக்கு வேர் அங்கேதான் இருக்க வேண்டும். 2011 அளவில் அந்த நோய்க்கு ஆசனிக்கே காரணம் என்ற கருத்து பெரிதாகப் பேசப்பட்டது. ஆனால் அப்பகுதிக் கிணறுகளை அளந்தபோது பெரும்பாலானவற்றில் ஆசனிக் அனுமதித்த எல்லைக்குள்ளேயே இருந்தது. வெப்பம், நீர் போதாமை, புளோரைட்டும் கடினத்தன்மையும் மிகுந்த தண்ணீர், விவசாய இரசாயனங்கள் என்று பல காரணங்கள் இன்றும் ஆராயப்படுகின்றன. அது மலைக்கு ஏறி வந்துவிட்டது என்று சொல்ல உங்கள் கடிதத்தில் எந்த ஆதாரமும் இல்லை.

கொதிக்க வைப்பது போதாதா என்று கேட்டீர்கள். கிருமிக்குப் போதும். ஆசனிக்குக்குப் போதாது. அது ஆவியாகிப் போவதில்லை; தண்ணீர்தான் ஆவியாகிப் போகிறது. ஒரு கேத்தல் தண்ணீரைப் பாதியாக வற்ற வைத்தால், மிச்சமுள்ள பாதியில் முன்பிருந்த முழு ஆசனிக்கும் இருக்கும். மண் பில்டர், மெழுகுதிரி போன்ற வெள்ளைக் கல் வைத்த பில்டர், கலங்கலைத் தெளிய வைக்கும் தேற்றாங்கொட்டை ஆகிய எதுவும் கரைந்த ஆசனிக்கைப் பிடிக்காது. இரும்புத் துகளைப் பயன்படுத்தும் சிறப்பு வடிகட்டிகளும், ஆர்.ஓ. இயந்திரமும் பிடிக்கும், ஆனால் அளவு தெரியாமல் அவற்றுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். விற்பவர் வந்து தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டுச் சிவப்பாக்கிக் காட்டினால் அது ஆசனிக் பரிசோதனை என்று நம்பிவிடாதீர்கள். அந்தக் கம்பியே கரைந்து உண்டாக்கும் நிறம் அது.

பரிசோதனையை இப்படிச் செய்யுங்கள். உங்கள் பகுதியின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தித்து, அல்லது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில், எழுத்து மூலம் ஒரு வேண்டுகோள் கொடுங்கள்; ஆசிரியை எழுதிய கடிதம், 24 குடும்பங்களின் கையொப்பத்தோடு, எளிதில் மேசைக்கடியில் போகாது. வழக்கமான நீர்ப் பரிசோதனையில் கிருமியும் காரத்தன்மையும் கடினத்தன்மையும் இரும்பும் பார்ப்பார்கள்; ஆசனிக் பெரும்பாலும் அதில் சேராது. எனவே 'ஆசனிக்கும் பார்க்க வேண்டும்' என்று தனியாக எழுதுங்கள். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடம் எந்த ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம் என்று கேட்கலாம். போத்தலை ஆய்வுகூடத்திடமிருந்தே வாங்குங்கள். சோடா போத்தலைக் கழுவி நிரப்ப வேண்டாம். பம்பை ஐந்து நிமிடமாவது அடித்து, குழாயில் தேங்கி நின்ற தண்ணீரைப் போக்கிவிட்டுப் பிடியுங்கள். பீலியிலிருந்து இன்னொரு போத்தலும் எடுங்கள். அறிக்கையில் 'கண்டறியப்படவில்லை' என்று இருந்தால், அவர்களுடைய கருவி எந்த அளவு வரை கண்டறியும் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். 50க்குக் கீழே காண முடியாத கருவி ஒன்று 'இல்லை' என்று சொன்னால் அதனால் நமக்குப் பயனில்லை.

அறிக்கை வரும்வரை, குடிப்பதற்கும் சமைப்பதற்கும் பீலித் தண்ணீரையே கொதிக்க வைத்துப் பயன்படுத்துங்கள். சமையலையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனெனில் சோறும் பருப்பும் தண்ணீரைக் குடித்துக்கொள்கின்றன, ரொட்டிக்குப் பிசையும் மாவுக்கும் தண்ணீர்தான், ஒரு நாளைக்கு நாம் குடிக்கிற தேத்தண்ணீரோ சொல்ல வேண்டியதில்லை. குளிக்கவும் துணி துவைக்கவும் பாத்திரம் கழுவவும் குழாய்க் கிணற்றுத் தண்ணீரைப் பயன்படுத்தலாம். தோல் வழியாக இது குறிப்பிடத்தக்க அளவில் உள்ளே போவதில்லை. ஒருவேளை அளவு 10க்கு மேல் என்று வந்தால் அந்தக் கிணற்றைக் குடிநீருக்கு மூடிவிட்டு, வறட்சி மாதங்களுக்காகப் பீலித் தண்ணீரைத் தேக்கிவைக்கும் தாங்கியையோ மழைநீர்த் தாங்கியையோ தோட்ட நிர்வாகத்திடமும் பிரதேச சபையிடமும் கேளுங்கள். உங்கள் பகுதியில் மழைக்குப் பஞ்சமில்லை. பெய்யும்போது பிடித்துவைக்க இடமில்லாததுதான் பஞ்சம்.

இப்போது அப்பா. நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டுப் போன ஒரு வரியை நான் மூன்று தடவை வாசித்தேன்: இழுப்புக்கு மூன்று வருடம் சாப்பிட்ட தூள். கணக்கைப் பாருங்கள். ஒரே கிணற்றுத் தண்ணீரை, அதுவும் வறட்சி மாதங்களில் மட்டும், 24 குடும்பங்கள் 11 வருடம் குடித்திருக்கின்றன. தோல் மாறியிருப்பது ஒருவருக்கு மட்டும். ஒரே அளவைக் குடித்தாலும் எல்லோருக்கும் ஒரே மாதிரி வருவதில்லை என்பது உண்மைதான்; ஆனாலும் தண்ணீர் காரணமாக இருந்தால் இன்னும் ஓரிருவரிடமாவது ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தூளை மட்டும் அவர் ஒருவர்தான் சாப்பிட்டார்.

நாட்டு வைத்தியத்தை நான் இகழவில்லை. அதன் பெரும்பகுதி மூலிகை. ஆனால் பாஷாணங்களைச் சுத்தி செய்து சேர்க்கும் மருந்துகள் சில இழுப்புக்கும் தோல் நோய்க்கும் கொடுக்கப்பட்டு வந்திருக்கின்றன. அவற்றை நீண்ட காலம் சாப்பிட்டவர்களிடம் இதே புள்ளிகளும் இதே ஆணிகளும் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. ஆங்கில மருத்துவமும் இந்தப் பிழையிலிருந்து தப்பவில்லை. 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோமஸ் பவுலர் என்ற ஆங்கில வைத்தியர் அறிமுகப்படுத்திய ஆசனிக் கரைசலை, நூறு வருடங்களுக்கும் மேலாகக் காய்ச்சலுக்கும் இழுப்புக்கும் செதில் நோய்க்கும் துளித்துளியாகக் கொடுத்தார்கள். அதைக் குடித்தவர்களின் கையில் ஆணிகளும், அந்த ஆணிகளில் புற்றும் வருவதை 1887இல் லண்டனில் ஜொனதன் ஹட்சின்சன் எடுத்துக்காட்டினார். மருந்தை நிறுத்திப் பல வருடங்கள் சென்ற பிறகே இந்த அடையாளங்கள் தலைகாட்டலாம் என்பதும் அப்படித்தான் தெரியவந்தது. ஆகவே, விட்டு ஆறு வருடமாகிவிட்டது என்பதனால் அந்தத் தூளை நான் கணக்கிலிருந்து எடுத்துவிட மாட்டேன். அதில் பாஷாணம் இருந்தது என்றும் நான் சொல்லவில்லை. வீட்டில் எங்காவது, அப்பாவின் தகரப் பெட்டியிலோ சாமித் தட்டுக்குப் பின்னாலோ, அந்தப் பொட்டலம் ஒன்று மிஞ்சியிருந்தால் அதை எறிந்துவிடாமல் வைத்தியரிடம் கொடுங்கள்.

அப்பாவை முதலில் தோட்ட ஆஸ்பத்திரியிலோ பசறை வைத்தியசாலையிலோ காட்டி, பதுளை பெரியாஸ்பத்திரியின் தோல் நோய்க் கிளினிக்குக்குக் கடிதம் வாங்குங்கள். வைத்தியர் வெளிறிய புள்ளிகளில் பஞ்சால் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார். அது தொழுநோயை விலக்குவதற்காக. அதுவே என்று வந்தாலும் இலவச மருந்தால் முழுதாகக் குணமாகிறது, பயப்பட வேண்டாம். பங்கசு நோய், செதில் நோய் ஆகியவையும் உள்ளங்கையைத் தடிக்க வைக்கும். சந்தேகம் இருந்தால் சிறு தோல்துண்டு எடுத்துப் பரிசோதிப்பார்கள்.

சிறுநீரில் ஆசனிக் பார்க்கச் சொன்னால், அதற்கு முந்திய ஐந்து நாட்கள் மீன், கருவாடு, நெத்தலி, இறால் எதுவும் சாப்பிட வேண்டாம் என்று அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். கடல் உணவில் இருப்பது உடலுக்குத் தீங்கு செய்யாத வேறொரு வகை ஆசனிக். ஆனால் மொத்தமாக அளக்கும் கருவிக்கு அந்த வேறுபாடு தெரியாது. முந்தின நாள் சாப்பிட்ட ஒரு துண்டுக் கருவாடு ஒரு குடும்பத்தையே கலங்கடிக்கும் எண்ணைக் கொடுத்துவிடும். சிறுநீர் கடந்த சில நாட்களின் கதையைத்தான் சொல்லும், முடியும் நகமும் கடந்த சில மாதங்களின் கதையைச் சொல்லும். ஆறு வருடத்துக்கு முன்பு நிறுத்திய தூளைப் பற்றி இவை எதுவும் பேசாது. சிறுநீரில் இல்லை என்று வந்தால், இப்போது உள்ளே போகவில்லை என்று மட்டுமே பொருள்.

ஆசனிக்தான் என்று உறுதியானால் என்ன வைத்தியம் என்று கேட்பீர்கள். உள்ளே போவதை நிறுத்துவதே முதல் வைத்தியம். உடலிலிருந்து உலோகத்தை இழுத்தெடுக்கும் ஊசிகள் திடீர் நச்சுக்குப் பயன்படும். வருடக் கணக்கில் வந்த பாதிப்புக்கு அவற்றால் நன்மை என்று நிறுவப்படவில்லை, அதற்காகத் தனியார் இடங்களில் கடன்பட வேண்டாம். கைத்தடிப்பை இளக்க யூரியாவும் சலிசிலிக் அமிலமும் சேர்ந்த களிம்புகள் உதவும். மிக முக்கியமானது, வருடம் ஒரு தடவையாவது தோலை முழுதாகப் பார்ப்பது. நீண்ட கால ஆசனிக் தோலிலும் நுரையீரலிலும் சிறுநீர்ப்பையிலும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிறுவப்பட்டிருக்கிறது. இரத்த அழுத்தம், இருதய நோய், நீரிழிவு, கால் விரல் நுனிகளில் எரிச்சலும் மரப்பும் ஆகியவற்றோடும் அதற்குத் தொடர்பு உண்டு. தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் அந்தோபகஸ்தா என்ற நகரம் 1958இல் புதிய ஆற்று நீருக்கு மாறியபோது, அதில் லீற்றருக்கு 800 மைக்ரோகிராமுக்கும் மேல் ஆசனிக் இருந்தது. 1970இல் சுத்திகரிப்பு நிலையம் வைத்து அளவை இறக்கிவிட்டார்கள். ஆயினும் அந்தப் 12 வருடங்களில் குடித்தவர்களிடையே நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்கள் பல பத்தாண்டுகள் கழித்தும் கூடுதலாகவே காணப்பட்டன. இதை உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை. 'நிறுத்தியாயிற்றே, இனி ஏன் கிளினிக்' என்று அப்பா கேட்பார். அப்போது சொல்வதற்காக எழுதுகிறேன். ஆறாத புண், ஆணி ஒன்று திடீரெனப் பெருத்து இரத்தம் கசிதல், சிறுநீரில் இரத்தம், மூன்று வாரம் தாண்டிய இருமல், இவற்றில் எதைக் கண்டாலும் அடுத்த கிளினிக் திகதிக்காகக் காத்திருக்க வேண்டாம். அவர் புகைப்பவராக இருந்தால் அதை விடச் செய்வது எந்தக் களிம்பையும் விடப் பெரிய வைத்தியம், ஏனெனில் புகையும் ஆசனிக்கும் சேர்ந்தால் நுரையீரலுக்கு வரும் கேடு இரண்டும் தனித்தனியே தருவதைக் கூட்டினாலும் அதற்கு மேலாகிறது.

உங்கள் தங்கைக்கு: ஆசனிக் நச்சுக்கொடி வழியாகக் கருவுக்குப் போகும், மிகுந்த அளவில் குடித்த தாய்மாரிடம் குழந்தையின் எடைக் குறைவும் கருச்சிதைவும் கூடுதலாகக் காணப்பட்டிருக்கின்றன. ஆகவே அறிக்கை வரும்வரை அந்தக் கிணற்றுத் தண்ணீரை மற்ற எல்லோரையும் விட அவர் கண்டிப்பாகத் தவிர்க்கட்டும். கிளினிக்கில் கொடுக்கும் போலிக் அமிலத்தையும் இரும்புச் சத்து மாத்திரையையும் விடாமல் எடுக்கட்டும். ஈரல் ஆசனிக்கை உருமாற்றி வெளியேற்றுவதற்குப் போலிக் அமிலம் துணை செய்கிறது. பிள்ளை பிறந்த பின்பு தாய்ப்பாலுக்குப் பயப்பட வேண்டியதே இல்லை. ஆசனிக் தாய்ப்பாலில் மிகவும் குறைவாகவே கலக்கிறது. பங்களாதேஷில் பார்த்தபோது, தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகளின் உடலில் அது குறைவாகவே இருந்தது. சந்தேகமான தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுப்பதுதான் ஆபத்து.

கிளினிக்குக்குப் போகும் நாளில் அப்பாவின் பழைய மருந்துத் துண்டுகளையும், தூள் மிஞ்சியிருந்தால் அதையும், அவர் எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை கவ்வாத்து வெட்டினார், புல்லுக்கு மருந்து அடித்தாரா, எப்போது குழாய்க் கிணற்றுத் தண்ணீர் குடிக்கத் தொடங்கினார் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். தண்ணீர் அறிக்கை வந்ததும் எனக்கு மீண்டும் எழுதுங்கள். எண்ணை மட்டும் எழுதாமல், பக்கத்தில் மில்லிகிராம் என்று இருக்கிறதா மைக்ரோகிராம் என்று இருக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்து எழுதுங்கள், 0.01 மில்லிகிராமும் 10 மைக்ரோகிராமும் ஒன்றுதான்.